வண்டியை இரவல் கேட்ட மலேனாவுக்கு

முதலில் காகிதம்.
வண்டி இன்னும் எவரிஸ்தோ பெயரில்தான் இருக்கிறது.
எல்லை தாண்ட அவன் சம்மதக் கடிதம் வேண்டும்,
நோட்டரி முத்திரையோடு.
கேட்டால் கொடுப்பான். கையெழுத்தில் கஞ்சத்தனம் கிடையாது,
போன மாதம் என் எதிரே உட்கார்ந்து
ஒரே மூச்சில் பதினோரு பக்கம் போட்டான்.

காப்பீட்டில் சிலே என்ற சொல்
எழுத்தில் இருக்கிறதா பார்.
ஏஜென்ட் வாயால் சொன்னது மலை ஏறாது.

அங்கோஸ்துராவில் டாங்கை முட்ட நிரப்பிக்கொள்,
அந்தப் பக்கம் பெட்ரோல் யானை விலை.
அங்கத்திய கேஸ் சிலிண்டர் நம் ரெகுலேட்டருக்குச் சேராது.
அடாப்டர் சிங்குக்குக் கீழே
ஒற்றைச் சாக்ஸுக்குள் இருக்கிறது.
சாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதே,
அது இல்லாவிட்டால் வழியெல்லாம் கிணுகிணுக்கும்.

இரண்டாம் கியருக்கு ரோஷம் அதிகம்.
மேட்டில் அதைக் கெஞ்சாதே, மிரட்டவும் செய்யாதே.
மூன்றுக்குப் போய்விட்டுத் திரும்பி வா,
ஒன்றுமே நடக்காததுபோல் விழும்.

காற்றை நம்பாதே.
நிறுத்தும்போது வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கட்டும்.
ஒரு நேரத்தில் ஒரு கதவு.
இடக்கதவுக் கீல் போனது அப்படித்தான்:
இறங்கு என்றவனும்
இறங்குகிறேன் என்றவளும்
ஒரே நொடியில் திறந்தோம்.
இப்போது கயிறு கட்டியிருக்கிறது. முடிச்சு என்னுடையது, நிற்கும்.

பழம், தேன், பாலாடைக்கட்டி, விதை
எதுவும் அந்தப் பக்கம் போகாது.
ஆனால் நம் சாவடியில் முத்திரை விழுந்த பிறகு
அவர்கள் சாவடி வர
நாற்பது கிலோமீட்டர் இருக்கிறது, மலேனா.
இருபுறமும் லெங்கா மரங்கள்,
எப்போதோ எரிமலை துப்பிய சாம்பல் ஓரங்களில்.
ஒரு நாட்டை விட்டாயிற்று,
இன்னொன்று உன்னைக் கேள்விப்படவே இல்லை.
அங்கே தங்கக் கூடாது.
தின்னலாம்.

எங்களிடம் இரண்டு கிலோ செர்ரி இருந்தது.
ஒரு வளைவில் நிறுத்தி, படியில் உட்கார்ந்து,
கொட்டைகளைத் தகர டம்ளரில் துப்பினோம்.
(வெளியே வீசாதே. சாவடியில் மூடி போட்ட தொட்டி உண்டு.)
பாதியில் எவரிஸ்தோ கையைத் துடைத்துக்கொண்டு
'எனக்குப் போதும்' என்றான்.
செர்ரியைச் சொல்கிறான் என்று நினைத்து
மிச்சத்தை நான் தின்றேன்.

படிவத்தில் கேட்பார்கள்:
தாவரத்திலிருந்தோ விலங்கிலிருந்தோ வந்த பொருள் ஏதும் உண்டா?
ஆம் என்று போடு.
மரக்கரண்டிக்கும் ஆம்,
மாத்தே பொட்டலத்துக்கும் ஆம்,
சந்தேகத்துக்கும் ஆம்.
சொன்னால் பொருள் மட்டும் போகும்,
மறைத்தால் அபராதமும் சேர்ந்து போகும்.

அவன் இல்லை என்று போட்டான்.
யாஸ்னா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்
மெத்தையைத் தூக்கினாள்.
ஒரு தேன் புட்டி.
கழுத்தில் பச்சை ரிப்பன்.
எனக்குத் தெரியாத தேன்.
'யாருடையது?'
என்னுடையது என்றேன்,
ஏன் என்று கேட்காதே,
வரிசையில் பின்னால் பதினேழு வண்டிகள் நின்றன.

அபராதத்தைக் கார்டிலும் கட்டலாம்.
அங்கே அழாதே.
அழுதால் இன்னும் ஏதோ ஒளித்திருக்கிறாய் என்று
சமையல் அலமாரியையும் பிரிப்பார்கள்.

மற்றபடி நல்ல வண்டி.
மழை ஒழுகாது. போர்வை இரண்டு, துவைத்தது.
சாவியைக் கொஞ்சம் மேலே தூக்கித் திருப்பினால்தான் திறக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன்.
பிரேக் போட்டால் வலது இருக்கைத் தண்டவாளத்தில்
ஏதோ உருளும்.
மூன்று முறை பெருக்கினேன், குச்சி விட்டுக் குடைந்தேன்,
வரவில்லை.
ஒரு செர்ரிக் கொட்டையாக இருக்கும்.
அதற்கும் சேர்த்து
ஆம் என்றே போடு.